சப்பாத்துக்குக் கடல் காட்டிய கதை

எங்கள் வீட்டில் பூட்டுப் போட்ட அலுமாரி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்குள் நகை இருக்கிறது என்று வருகிறவர்கள் போகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுப்பதில்லை. உண்மையில் அதற்குள் இருப்பவை என் கணவருடைய பழைய உதைபந்துச் சப்பாத்துகள். என்னுடைய கூறைச்சேலை கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேசுக்குள் கிடக்கிறது. அதற்குப் பூட்டும் இல்லை, அதைப் பற்றி விசாரிக்க ஆளும் இல்லை.

அவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் வேலை செய்கிறார். விளையாட்டை முழங்கால் நிறுத்திவைத்துக் கனகாலம். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அலுமாரியைத் திறந்து, சப்பாத்துகளை வெளியே எடுத்து, பழைய பத்திரிகை விரித்து வரிசையாக வைத்து, பல் துலக்கும் பிரஷால் தூசி தட்டுவார். யாருடைய பிரஷ் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு யாராவது வந்து அகப்பட்டால், சப்பாத்தின் சரித்திரம் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போகலாம். ஒருமுறை மின்மானி பார்க்க வந்த மனிதர் தேத்தண்ணி குடித்து, சரித்திரமும் கேட்டு, மின்மானியைப் பார்க்காமலே போய்விட்டார். பாவம், அடுத்த நாள் திரும்பி வந்தபோது வாசல் படலையிலேயே நின்று, "ஐயா நிக்கிறாரோ?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்தச் சரித்திரம் எனக்கு மனப்பாடம். அது இங்கிலாந்தில் தொடங்கும். அங்கே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள், வேலைக்குப் போட்ட அதே சப்பாத்தோடு வந்து பந்தை உதைத்தார்களாம். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் தடித்த தோல். முன்பக்கம் பெட்டி மாதிரிக் கெட்டி. வழுக்காமல் இருக்க அடியில் தோல் துண்டுகளை ஆணி வைத்து அறைந்தார்கள். மழை பெய்தால் தோல் தண்ணீரைக் குடித்து ஒன்றுக்கு இரண்டாகப் பாரமேறிவிடும். அந்தப் பாரத்தோடு அவர்கள் ஓடியதை அவர் ஏதோ தவம் செய்த முனிவர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். வேலை செய்து களைத்த மனிதர்கள் அம்மிக்கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஏன் ஓடினார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்டால் அவர் அடுத்த சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டுவார்.

பிறகு வெயில் நாட்டுக்காரர்கள் கணுக்காலை வெட்டி எறிந்தார்கள், தோலை மெல்லிசாக்கினார்கள். அதன்பிறகு அடியிலுள்ள குமிழ்களைத் திருகிக் கழற்றி மாற்றும் வித்தை வந்தது. காய்ந்த தரைக்குக் கட்டைக் குமிழ், சேற்றுக்கு நெட்டைக் குமிழ். இந்த இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். பிறகு பிளாஸ்டிக் அடி வந்தது. கறுப்புப் போய் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளும் வந்தன. கடைசியில் தோலே போய்விட்டது. இப்போது காலுறை பின்னுவதுபோலப் பின்னிவிடுகிறார்கள். சிலதுக்கு நாடாவும் இல்லை. கணுக்காலை மூடிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறி நிற்கிறது. எங்கள் சட்டைக் கை நீண்டு, குறுகி, திரும்பவும் நீண்டதுபோல, இவ்வளவு பாடுபட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதை நான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபோது அவர் அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

இந்தச் சரித்திரத்தில் எங்கள் ஊர் திருகோணமலைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அது அவரே சேர்த்தது. வெள்ளைக்காரக் கப்பல்காரர் சப்பாத்தோடு மைதானத்துக்கு வந்தார்களாம், எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு எதிரே நின்றார்களாம். யார் வென்றது என்று கேட்டால் நேரே சொல்லமாட்டார். "அவங்களுக்குக் கால் வெந்து போச்சு" என்பார். அப்படியென்றால் எங்களுக்குத்தான் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்வேன். தன்னுடைய பள்ளிக்காலத்தைச் சொல்லும்போது மட்டும் பெருமை கொஞ்சம் குறையும். சண்டைக் காலம், ஊருக்குள் ஒன்றும் வராது. கறுப்புக் கான்வஸ் சப்பாத்து ஒரு சோடி எப்படியோ வந்து சேர, அதை இவரும் கூட்டாளி ஒருவரும் பங்கு போட்டிருக்கிறார்கள். இவர் வலக்காலால் அடிப்பவர், வலது சப்பாத்து இவருக்கு. கூட்டாளி இடக்கால், இடது அவருக்கு. மற்றக் காலுக்கு இருவருக்கும் மண்தான். அந்த வலது சப்பாத்தும் அலுமாரிக்குள் இருக்கிறது, தனியாக.

அவர்கள் பெரியவர்களாகி உதைபந்துக் கழகத்துக்கு விளையாடத் தொடங்கிய காலத்தில் தோல் சப்பாத்து கிடைத்தது. கிடைத்ததும் ஒரு சடங்கு தொடங்கியது. அதற்குக் கடல் காட்டுதல் என்று பெயர். புதுத் தோல் பலகை மாதிரி இருக்கும், காலைக் கடிக்கும். ஆகவே சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு, அலையில்லாத உட்துறைமுகப் பக்கம் போய் முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டும். தோல் குடிக்கும் மட்டும் குடித்து முடிந்ததும் அப்படியே ஈரத்தோடு வீட்டுக்கு நடக்கவேண்டும். காலோடேயே அது காயவேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய். இதற்குப் பிறகு அந்தச் சப்பாத்து அந்த ஆளுடைய காலுக்கு மட்டுமே பொருந்துமாம். கடல் காட்டாத சப்பாத்தோடு வருகிறவரைக் கழகத் தலைவர் மைதானத்துக்குள் விடமாட்டாராம். ஒருவருக்குக் கால் முறிந்தபோது டொக்டர் ஏதோ சொல்ல, கழகம் முழுவதும் அவர் கடல் காட்டாததுதான் காரணம் என்று சொன்னதாம். குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் என்ன என்று நான் கேட்டேன். "உப்பு வேணும்" என்றார். ஏன் வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. பக்கத்து ஊரான கிண்ணியாக் கழகங்களிலும் இதே வழக்கம் இருந்ததாம். பந்து விசயத்தில் இரண்டு ஊரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். பதினாறு வயது. தகப்பனுடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தும் உதைபந்தை வெறுக்காதவள். நடுவில் நின்று ஆடுகிறாள். பந்து வருமுன்னரே அது எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இதை நான் சொல்லவில்லை, அவளுடைய பயிற்றுவிப்பாளர் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளுடைய காலுக்கு ஊர்க்கடைகளில் பெண்பிள்ளைச் சப்பாத்து அகப்படாது என்பது. தகப்பனுடைய அளவே அவளுடைய அளவும். தகப்பனுக்குக் கால் சிறிது, மகளுக்குப் பெரிது. இருவரும் நடுவழியில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் மாகாண அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்த அந்தக் கிழமையில் அவள் டெங்குக் காய்ச்சலோடு ஆசுப்பத்திரியில் கிடந்தாள். சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு, ஆட்டம் தொடங்கியிருக்கும், முடிந்திருக்கும் என்று சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழாமல் இருந்தது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. இந்த வருடமும் ஒரேயோர் ஆட்டம்தான். மாவட்டத்துப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட விட்டு, பார்த்து எடுப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம், எங்கள் ஊர் மைதானத்தில். வருடம் முழுவதும் அவள் அந்த ஒரு பின்னேரத்துக்காகவே எழும்பினாள், ஓடினாள், சாப்பிட்டாள்.

இதை அறிந்து லண்டனில் இருக்கும் என் தம்பி அவளுக்கு ஒரு சோடி சப்பாத்து அனுப்பினான். பச்சைத் தேசிக்காய் நிறம். கையில் எடுத்தால் பாரமே இல்லை. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார். "தோல் எங்க?" என்றார்.

"இதில தோல் இல்லை அப்பா. இப்ப எல்லாம் இப்பிடித்தான்."

"அப்ப என்னத்தால செய்தது?"

"நூலும் பிளாஸ்டிக்கும். பசை வைச்சு ஒட்டுறவங்கள்."

"மச்சான் ஏமாந்திட்டார்" என்றார் அவர் என்னைப் பார்த்து. என் தம்பி எதில் ஏமாந்தாலும் அவருக்கு ஒரு சந்தோசம்.

மகள் போட்டு நடந்து பார்த்தாள். சின்னவிரல் பக்கம் கொஞ்சம் கடிக்கிறது, விளையாட விளையாடச் சரியாகும் என்றாள். அந்த ஒரு சொல் போதும். கடிக்கிறது என்று காதில் விழுந்ததும் அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கடல் காட்டினால்..." என்று தொடங்கினார்.

"ஐயோ அப்பா, வேண்டாம். இது அந்தச் சப்பாத்து இல்லை."

பெட்டியின் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஒன்று வரைந்து அதற்குக் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். அதை அவள் அவருக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். இருபது வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிற நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை நான் மீன் வாங்கப் போனேன். உட்துறைமுக வீதியால் திரும்பி வரும்போது, கரையில் ஒரு மான் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடுமாடு போலத் தெருவில் அலையும் எங்கள் ஊர் மான்கள் குப்பைத் தொட்டியை விட்டு வேறொன்றையும் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. என்ன என்று நானும் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். தெளிந்த தண்ணீருக்குள் இரண்டு பச்சைத் தேசிக்காய்கள் பளபளத்தன. தோணி தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் அவரைக் கேட்டார்: "என்ன அண்ணை, பந்து தண்ணிக்குள்ள தாண்டு போச்சோ?"

நான் மீன் பையோடு கரைக்கு இறங்கினேன்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறீங்கள்?"

"சத்தம் போடாதையும். கடல் காட்டுறன்."

"பிள்ளை வேண்டாம் எண்டு சொன்னவள் எல்லோ? பெட்டியில படமும் போட்டிருக்கெல்லோ?"

"அந்தப் படம் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத் தண்ணிக்கு. கடல் தண்ணி எண்டால் அலை கீறியிருப்பான்."

 அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடவே எனக்கு நேரம் எடுத்தது. அவர் விளக்கினார். மகளுடைய காலும் தன்னுடைய காலும் ஒரே அளவு. தான் போட்டு, ஊறவைத்து, நடந்து விரித்துக் கொடுத்தால் அவளுக்குச் சனிக்கிழமை பூப்போல இருக்கும். பிள்ளை ஒரு வருடம் காத்திருந்த ஆட்டத்தில் சின்னவிரல் கடித்து ஓட முடியாமல் போனால் தன்னால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. "நீர் அவளுக்குச் சொல்லாதையும்" என்றார். கடைசியில் சொன்னதை அவர் கெஞ்சலாகச் சொன்னதால் நான் தலையாட்டிவிட்டு மீனைக் கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொளக் சொளக்கென்று பின்னால் நடந்து வந்தார். ஈரத்தோடு காலிலேயே காயவிடவேண்டும் என்பது சட்டம். ஆனால் எட்டு மணிக்கு வேலை. எனவே கழற்றி, தண்ணீர்த் தாங்கியின் மூடிக்கு மேலே நல்ல வெயிலில் வைத்துவிட்டுப் போனார். சுடச்சுடக் கச்சான் காற்று அடிக்கும் மாதம், அந்த மூடியில் முட்டை பொரிக்கலாம். பின்னேரம் வந்து எடுத்தபோது சப்பாத்து உப்புப் பூத்துக் கருவாட்டுக் குஞ்சு மாதிரி இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். தேங்காய் எண்ணெய் பூசினார்.

"எண்ணெய் குடிக்குதில்லை" என்றார் கவலையோடு.

"அதுக்கு வாய் இல்லை, எங்கத்தையால குடிக்கிறது?" என்றேன்.

காலையில் பார்த்தால் எறும்பு வரிசை கட்டி வந்திருந்தது. எறும்பைத் தட்டி, எண்ணெயைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடி, ஒன்றும் நடக்காததுபோல அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். மகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அதில் ஒரு திருப்தி. "பாத்தீரோ, வித்தியாசமே தெரியேல்லை" என்று எனக்குக் காதுக்குள் சொன்னார்.

சனிக்கிழமை மைதானம் சீமெந்துத் தரை மாதிரிக் காய்ந்து கிடந்தது. திரியாயிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, மூதூரிலிருந்து எல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கூடாரத்துக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் கதிரைகளில் தெரிவாளர்கள் மூவர், மடியில் தாள் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் நடுவில் இருந்தவர் ஒரு பெண். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் எதைப் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணவர் எங்கே நிற்கவேண்டும் என்று முதலே தீர்மானித்து, கோட்டுக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

முதற் பாதியில் எனக்கு உதைபந்தாட்டம் விளங்கியது. இதுவரை மகள் ஓடுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் நிற்பதைப் பார்த்தேன். எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓட, இவள் வேறொரு பக்கம் போய் நிற்பாள். சற்று நேரத்தில் பந்து அங்கே வரும். வந்ததும் ஒரு தட்டுத் தட்டி, யாரும் பார்க்காத ஒரு பிள்ளைக்கு அனுப்பிவிடுவாள். கறுப்புக் கண்ணாடிப் பெண் இரண்டு முறை குனிந்து எழுதினார். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து அமத்தினார். எனக்கு நொந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு மகள் ஓடும்போது டப் டப் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் வலது சப்பாத்தின் அடி முன்பக்கத்தால் பிளந்து, கிளாத்தி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் அதைப் பார்த்தாள், நிற்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டு ஓடினாள். என் கணவர் சத்தம் போட்டு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆள். அன்றைக்கு அவர் அந்தச் சப்பாத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்து அவளுக்கு வந்தது. கோலுக்கு நேரே அடித்தாள். பந்து ஒரு பக்கமாகவும், சப்பாத்தின் அடி மற்றப் பக்கமாகவும் போயின. எதிரணிக் கோல்காரப் பிள்ளை இரண்டையும் பார்த்துத் திகைத்து, நல்லவேளையாக அல்லது எங்கள் கெட்டநேரமாக, பந்தைப் பிடித்தது. அடி பறந்துபோய்த் தெரிவாளர்களின் காலடியில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடிப் பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொருவருடைய பிள்ளையாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சப்பாத்து தற்செயலாகக் கழன்றால், பந்து வெளியே போகும் வரைக்கும் ஆடலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். அடியில்லாத சப்பாத்துக்குள்ளால் கால் தெரிய அவள் அந்தக் கொதிக்கிற தரையில் ஓடி இன்னும் ஒரு பந்தைப் பறித்தாள். பிறகு பந்து வெளியே போனது. நடுவர் விசில் ஊதி, வேறு சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும்படி அவளை அனுப்பினார்.

மூதூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை மாற்று வீராங்கனையாக இருந்தாள். அவள் உடனே குனிந்து தன்னுடைய நாடாவை அவிழ்த்தாள். "இந்தாங்க, எண்டதப் போடுங்க" என்றாள். மகளுடைய குதிக்கால் அதற்குள் போகவே இல்லை. வெளியே இருந்த பிள்ளைகளுடையது எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். என் கணவர் அதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார். மகளுடைய பழைய சப்பாத்து பள்ளிக்கூடத்து விளையாட்டு அறைக்குள், சனிக்கிழமை அறை பூட்டு. ஆகவே அவர் போனது வீட்டுக்கு, அந்த அலுமாரிக்கு.

அவர் திரும்பி வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் நாடாவில் தொங்கும் கறுத்த தோல் சப்பாத்து, திருகு குமிழ் வைத்தது. முழங்கால் நோவு என்று படி ஏறாத மனிதர் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தார். மகள் போட்டாள். அளவு சரி. அப்படியே அவளுக்கென்று செய்ததுபோல இருந்தது. நடுவர் ஓர் இளம் பெண், பள்ளிக்கூட ஆசிரியை போல இருந்தார். வந்து குனிந்து, மகளுடைய காலைத் தூக்கி, குமிழ்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தேய்ந்த உலோகம் கத்தி மாதிரி ஓரம் விட்டிருந்தது.

"இதோட விடேலாது ஐயா. ஆரையும் மிதிச்சால் கிழிச்சுப்போடும்."

"பிள்ளை ஆரையும் மிதிக்கமாட்டாள், மிஸ்."

"விளங்குது ஐயா. ஆனால் ஏலாது."

"அப்ப வெறுங்காலோட விடுங்கோ. முந்தி நாங்கள் எல்லாம் வெறுங்காலோட..." என்று தொடங்கினார். நடுவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். சரித்திரத்தை முழுதாகக் கேட்காமல் போன முதல் ஆள் அவர்தான். எனக்கு அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்க மனம் வரவில்லை.

மூதூர்ப் பிள்ளை மகளுடைய இடத்துக்குப் போனாள். நன்றாகவே விளையாடினாள். மகள் கோட்டுக்கு வெளியே தகப்பனுடைய சப்பாத்தோடு சப்பணம் கட்டி இருந்து, ஆட்டம் முடியும் வரை அந்தப் பிள்ளைக்குக் கை தட்டினாள்.

முடிந்ததும் பெயர்கள் வாசித்தார்கள். மூதூர்ப் பிள்ளையின் பெயர் இருந்தது. எங்கள் பிள்ளையுடையது இல்லை. கறுப்புக் கண்ணாடிப் பெண் எழும்பி வந்து மகளின் தோளில் கை வைத்தார். "நல்லா விளையாடுறீர். ஆனால் பாதி ஆட்டம்தானே பார்த்தம். வாற வருசம் வாரும்" என்றார். என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பினேன்.

ஓட்டோவில் மகளோடு வரும்போது எனக்குக் கோபம் கொதித்தது. வீட்டுக்குப் போனதும் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மச்சான் ஏமாந்த கதை, தோல் இல்லாத கதை, பசையை நம்பும் காலத்தைப் பற்றிய கதை, எல்லாம் வரும். அவர் தொடங்கட்டும், இருபது வருடத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தொடங்கவில்லை. நான் புட்டு அவித்து, மீன் சொதி வைத்து, மூவரும் குசினிக்குள் இருந்து சாப்பிட்டோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் புட்டைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"மகள், அந்தச் சப்பாத்தில ஒரு பிழையும் இல்லை" என்றார். "நான்தான் பழுதாக்கினனான். கடலுக்குள்ள ஊறவைச்சு, வெயிலில காயவைச்சனான்."

"தெரியும் அப்பா" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். "கொம்மா சொன்னவவோ?"

"இல்லை. செவ்வாய்க்கிழமை காலமை ரியூசனுக்குப் போகேக்க நானே கண்டனான். வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால் அடி விடத் தொடங்கியிருந்தது. சைக்கிள் டியூப்புக்குப் பூசுற சொலுசன் வாங்கிப் பூசினனான். ஒரு ஆட்டத்துக்குத் தாங்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப உன்ர பழைய சப்பாத்தை எடுத்திருக்கலாமே?"

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில கையில எடுத்தனான். பிறகு அங்கேயே வைச்சிட்டு வந்திட்டன்."

"ஏன் பிள்ளை?" என்றார் அவர்.  "ஒரு வருசம் பார்த்துக்கொண்டிருந்தனியெல்லோ. ஏன் அப்பிடிச் செய்தனி?"

அவள் கோப்பையிலிருந்த புட்டுக்குச் சொதியை விட்டுக்கொண்டு, ஏதோ சாதாரணக் கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்கள் தண்ணிக்குள்ள நிண்டு, ஒவ்வொரு காலாத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அதைக் கண்டாப் பிறகு, அதைப் போடாமல் எப்பிடி அப்பா வாறது?"

 எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓட்டோவில் சேர்த்துவைத்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் எழும்பினார். தன்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஒரு கோப்பை கழுவியதை நான் கண்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் அயலைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.  மகள் இன்னும் கொஞ்சம் புட்டுப் போடச் சொன்னாள், போட்டேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றார். பைப் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கோப்பை கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.